இருகால் கட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத வேளையில், வீட்டின் பின்புறச் சிமெண்டுத் தரையில் அமர்ந்து ஐந்து கோழிகளின் கால்களை நூலால் கட்டிக்கொண்டிருந்தேன். நான்கு பெட்டைகள், ஒரு சேவல். காலணியின் மேல்தோலைத் தைக்கப் பயன்படும் மெழுகு நூல் அது. என் மனைவி எஸ்தரின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தேன். எளிதில் அறாது. முடிச்சு ஒருமுறை இறுகினால் பிரிக்கக் கத்திரிதான் வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, மூன்று சுற்றுச் சுற்றி, குறுக்கே ஒரு சுற்றுப் போட்டு முடிச்சிட்டேன். ஆய்வுக்கூடத்தில் பழகிய கை. முடித்துவிட்டுப் பார்த்தபோது ஐந்து கட்டுகளும் ஒரே அளவில் இருந்தன. அதில் எனக்கு ஒரு சிறு திருப்திகூட உண்டாயிற்று என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இத்தொடரில் இதுவரை தோல் பதனிடும் தொட்டிகளைப் பற்றியும் பாலாற்றின் நீரைப் பற்றியும் எழுதி வந்திருக்கிறேன். "உங்கள் மனைவியின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். மறந்து விட்டதல்ல. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. கோழிகளிலிருந்து தொடங்குகிறேன்.

பின்வாசல்

எஸ்தர் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவள். கடைசிப் பத்தாண்டுகள் சூப்பர்வைசர். நான் தோல் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைத்தவன். மாலையில் இருவர் உடம்பிலும் ஒரே வாடைதான் இருக்கும். பேச்சு வெவ்வேறாக இருக்கும்.

ஓய்வு பெற்ற வாரமே, காய்கறி வாங்கப் போனவள் பையில் ஒரு கோழியுடன் திரும்பினாள்.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"சும்மாதான். ஒரு நாளைக்கு நாப்பது பொம்பளைங்கள மேய்ச்ச கை இது. சும்மா கெடக்க மாட்டேங்குது," என்றாள்.

அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுகள், ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயத்தின் முதல் ஆராதனை முடிந்ததும் அதே சேலையோடு, இடுப்பில் கூடையோடு, ஆற்றோரத்துப் பறவைச் சந்தைக்குப் போவாள். அங்கே விற்பதைவிட மாற்றிக்கொள்வதுதான் மிகுதி. வாத்து கொடுத்து வான்கோழி வாங்குவார்கள். அடைமுட்டை கொடுத்துக் குஞ்சு வாங்குவார்கள். பகலுணவின்போது யார் யாரிடம் எதை மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவாள். கேட்டேன் என்று சொல்வது மிகை. செய்தித்தாளுக்கு மேலாகத் தலையசைத்தேன். ஒருமுறைகூட உடன் போனதில்லை.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு புதன்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு தினமும் காலையில் நான் பின்கதவைத் திறப்பேன். தாழ்ப்பாள் ஓசை கேட்டதும் கொல்லையின் எல்லா மூலைகளிலிருந்தும் கோழிகள் சிறகடித்துக்கொண்டு ஓடி வரும். என்னைக் கண்டதும் பாதி வழியில் நின்றுவிடும்.

தீனி போட்டால் தின்னும். அது வேறு. அந்த நிற்றல்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்தேன். பிறகு, விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். எவரிடமும் எதையும் விளக்காமல், ஒரே நாளில், எல்லாவற்றையும்.

சுவரோரம்

ஆட்டோ என்னைச் சந்தை வாசலில் இறக்கிவிட்டது. கூண்டுகளில் புறாக்கள், மூங்கில் கூடைகளில் வாத்துகள், காலில் கயிறு கட்டி முளையடித்து நிறுத்திய பெருஞ்சேவல்கள். காற்று திரும்பும்போதெல்லாம் ஈரத்தோலின் வாடை வந்து எச்சத்தின் வாடையோடு கலந்தது. வாசலுக்கு அருகிலேயே ஒரு மதில். அதன் கீழ் நல்ல நிழல். செய்தித்தாளை விரித்துக் கோழிகளைக் கிடத்தினேன். பக்கத்தில் கூடையில் இரண்டு கினிக்கோழிகள். எஸ்தர் கடைசியாகச் சந்தையிலிருந்து கொண்டுவந்தவை.

முதலில் இரண்டு இளைஞர்கள் வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா சார், கினிக்கோழி எப்படி?"

"ஜோடியாகத்தான் தருவேன்," என்றேன்.

ஒருவன் குனிந்து காது கொடுத்துக் கேட்டான். "ஜோடியா? ரெண்டும் பொட்டை சார். கத்துறதக் கேளுங்க. ரெண்டு ரெண்டு தபா இழுக்குது பாருங்க. ஆணு அப்படி கத்தாது."

"வுட்றா. சாருக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது போல," என்றான் மற்றவன். சிரித்துக்கொண்டே போனார்கள்.

கினிக்கோழியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குரலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டுமாம். அப்பறவையின் லத்தீன் பெயர் எனக்குத் தெரியும். இது தெரியாது.

அடுத்து வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். குடியாத்தத்தில் கைலித் தறி ஓட்டுவதாகப் பிறகு சொன்னார். நேரே கறுப்புக் கோழியிடம் போய் உட்கார்ந்தார்.

அந்தக் கறுப்புக் கோழிக்கு டீச்சர் என்று பெயர். எஸ்தர் வைத்தது. எந்த முட்டையை வைத்தாலும் அடை காக்கும். வாத்து முட்டை, வான்கோழி முட்டை என்ற பேதம் அதற்கு இல்லை. பொரித்த குஞ்சுகளை வரிசை பிசகாமல் நடத்திச் செல்லும். ஒருமுறை அது பொரித்த வாத்துக் குஞ்சுகள் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிவிட்டன. டீச்சர் தொட்டியின் விளிம்பில் நின்று மாலைவரை அவற்றைத் திட்டிக்கொண்டிருந்தது. சந்தைக்காரர்கள் தங்கள் முட்டைகளை எஸ்தரிடம் கொடுத்து, டீச்சரிடம் வைத்துப் பொரித்து வாங்கிப் போவார்களாம். இதுவும் பகலுணவின்போது காதில் விழுந்ததுதான்.

அவர் டீச்சரின் நெஞ்செலும்பை விரலால் அழுத்திப் பார்த்தார். கையில் தூக்கி எடை பார்த்தார்.

"நோவு கீவு ஒண்ணும் இல்லையே சார்?"

"இல்லை."

"அப்புறம் ஏன் குடுக்குறீங்க?"

"வைத்துக்கொள்ள இடமில்லை," என்றேன்.

எங்கள் வீட்டைச் சுற்றி ஐந்து சென்ட் நிலம் சும்மா கிடக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்ல வேண்டுமானால், இரண்டு சொற்களை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அவற்றை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. செய்தித்தாளில் அறிவிப்பாக வெளியிட்டிருந்தேன். அவ்வளவுதான்.

கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, டீச்சரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவர் போனார். அதன் சிறகுகள் இரண்டும் கீழ்நோக்கி விரிந்து தொங்கின. கோழியைக் கொண்டுபோகும் முறை அதுதான் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

மும்தாஜ்

வெயில் ஏறத் தொடங்கியபோது, சந்தையின் மறுகோடியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கறுப்புப் பர்தா, முகத்திரையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டிருந்தார். இடுப்பில் மூடி போட்ட கூடை. என் சேவலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது எஸ்தரக்கா சேவலாச்சே."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அக்கா வூட்டுக்காரரா சார்? நான் மும்தாஜ். அக்கா சொல்லியிருப்பாங்களே."

சொல்லியிருக்கத்தான் வேண்டும். தலையசைத்தேன்.

"அக்கா வரலையா?"

"வரவில்லை."

"நல்லா இருக்காங்க இல்ல?"

நான் செய்தித்தாளின் மடங்கிய ஓரத்தை நேராக்கினேன். அவர் கண் கோழிகளின் கால்களில் நின்றிருந்தது.

"இது யாரு கட்டினது?"

"நான்தான்."

"ரெண்டு காலையும் சேத்துக் கட்டியிருக்கீங்களே சார்."

"அவிழாமல் இருக்கட்டும் என்று..."

"அதில்ல. ஒத்தக் கால்ல கட்டினா வளக்கறதுக்கு. ரெண்டையும் கட்டினா கறிக்கு. இங்க யாரும் வாயத் தொறந்து கேக்க மாட்டாங்க. கட்டப் பாப்பாங்க, தூக்கிட்டுப் போய்ட்டே இருப்பாங்க. நீங்க ஒக்காந்திருக்கறதும் கறிப் பக்கம்தான். அக்கா ஒரு நாளும் இந்தச் செவுத்தோரம் வந்ததில்ல."

சுற்றிலும் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மதிலோரம் கிடந்த கோழிகளுக்கெல்லாம் இரண்டு கால்களும் கட்டப்பட்டிருந்தன. எதிர்ப்புறத்தில் எல்லாம் ஒற்றைக் காலில் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தன. இரண்டுக்கும் இடையே பத்தடிகூட இருக்காது. ஒரு மணி நேரமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"டீச்சர் எங்க சார்?" என்றார் மும்தாஜ்.

"விற்றுவிட்டேன். குடியாத்தத்துக்காரர் ஒருவர். கால் மணி நேரம் ஆகிறது."

"டீச்சரையா? அக்காவுக்குத் தெரியுமா இது?"

"எஸ்தர் இறந்துவிட்டாள் அம்மா," என்றேன். "ஒரு மாதத்துக்கு மேலாகிறது."

அவர் கூடையை மெதுவாகக் கீழே வைத்தார். நான் எதிர்பார்த்த எதையும் அவர் சொல்லவில்லை.

"மொதல்ல ஓடுங்க சார்," என்றார். "பஸ்ல உசுரோட கோழி ஏத்த மாட்டான். வாசல்ல அறுக்கற பாய்கிட்டதான் போயிருப்பான். ஓடுங்க. இதுங்கள நான் பாத்துக்கறேன்."

மஞ்சள்

என் வயதில் ஓட்டம் என்பது வேகமான நடைதான். வாசலுக்கு வெளியே தகர டிரம்மில் தீ எரிந்துகொண்டிருந்தது. பொசுங்கிய இறகின் நெடி. அறுப்பவரின் காலடியில் கறுப்பு இறகுகள் நனைந்து கிடந்தன.

"கறுப்புக் கோழியா? இப்பதான் சார் வாங்கிட்டுப் போறாரு. பஸ் ஸ்டாப்புல இருப்பாரு பாருங்க."

அங்கேயே திரும்பியிருக்கலாம். பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தேன்.

அவர் பேரணாம்பட்டு வழியாகப் போகும் பேருந்துக்காக நின்றிருந்தார். கையில் கறுப்புப் பாலிதீன் பை. அதன் வாயில் மஞ்சள் தூளின் கறை.

"இன்னா சார், இவ்ளோ தூரம்? காசு கம்மியா குடுத்துட்டனா?" என்று சட்டைப் பையில் கைவிட்டார்.

"இல்லை, இல்லை. அது சரியாக இருக்கிறது."

"பின்ன?"

எனக்கு மூச்சு வாங்கியது. அவர் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து நிழலுக்கு நகர்த்தினார்.

"பொண்ணு புள்ள பெத்து எட்டு நாளு சார். பச்ச ஒடம்பு. எதுவும் எறங்க மாட்டேங்குது அவளுக்கு. நல்ல நாட்டுக்கோழியா பாத்து வாங்கியா, ரசம் வெச்சுக் குடுக்கலாம்னா அவங்கம்மா. அதான் வெடியக்காலமே வந்துட்டேன்."

அது கறிக்காகக் கொடுத்த கோழியல்ல என்ற வாக்கியம் முழுவதும் என் நாவில் இருந்தது. சொன்னால் அந்தக் கோழி திரும்பி வரப்போவதில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் ரசத்தைக் குடிக்கும்போது, அவள் தகப்பன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"வயதான கோழி," என்றேன். "கொஞ்சம் கூடுதலாக வேகவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அதுக்கா இப்படி ஓடியாந்தீங்க?" அவர் சிரித்தார். "நல்ல மனுஷன் சார் நீங்க."

பேருந்து வந்தது. அவர் ஏறிப்போகும்வரை நின்றேன்.

சந்தைக்குத் திரும்பி நடக்கையில் ஒரு பட்டியல் நினைவுக்கு வந்தது. எஸ்தர் இறந்த அன்று, தெரிவிக்க வேண்டியவர்களின் பெயர்களை அகரவரிசையில் எழுதியிருந்தேன். என் பழைய மாணவர்கள், தோல் தொழிற்சாலை உரிமையாளர்கள், இரண்டு பேராசிரியர்கள். எஸ்தரை ஒரே ஒருமுறை திருமண வரவேற்பில் பார்த்தவர்கள்கூட அதில் இருந்தார்கள். ஆங்கிலச் செய்தித்தாளில் அறிவிப்பும் கொடுத்தேன். பிழையில்லாத ஆங்கிலம். பத்தாண்டுகள் ஞாயிறுதோறும் அவளோடு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பெயரும் பட்டியலில் இல்லை. விட்டுப்போனது என்று சொல்ல மாட்டேன். அவர்களைத் தெரிவிக்க வேண்டியவர்கள் என்று நான் எண்ணவே இல்லை.

மூடி போட்ட கூடை

மும்தாஜ் என் பறவைகளை எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தியிருந்தார். கத்திரியால் மெழுகு நூல்களை வெட்டிவிட்டு, பழைய துணிக் கிழிசலால் ஒற்றைக் காலில் கட்டி நிறுத்தியிருந்தார். வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்தார்.

"போச்சா?"

"போய்விட்டது. பிள்ளை பெற்ற மகளுக்காம்."

"சாப்பிடட்டும்," என்றார். சிறிது நேரம் சேவலின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"ஆறு வாரமா போன் அடிச்சேன் சார். ரிங்கு போய்ட்டே இருந்துச்சு. அப்புறம் ஸ்விட்ச் ஆஃப்."

எனக்குத் தெரியும். அந்தக் கைபேசி எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிக்கும். திரையில் "மும்தாஜ் கோழி" என்று பெயர் வரும். யாரோ வியாபாரி, எதற்கோ அழைக்கிறார் என்று ஒலித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மின்சாரம் தீர்ந்து அது அணைந்தது. நான் மறுபடி ஏற்றவில்லை.

"நான்தான் எடுக்கவில்லை," என்றேன்.

"அக்காவுக்கு எம்மேல கோவம்னு நெனச்சேன்."

"எதற்கு?"

"கடேசியா வந்த வாரம் அவங்க ரெண்டு வாத்து குடுத்தாங்க. நான் இந்த ரெண்டு கினிக்கோழியக் குடுத்தேன். ஜோடின்னு சொல்லித்தான் குடுத்தேன். சத்தியமா எனக்கும் தெரியல சார், சின்னதுல தெரியாது அது. என்கிட்ட மிஞ்சினது ரெண்டும் ஆணா கத்தறப்பதான் புரிஞ்சுச்சு, அக்காவுக்குப் போனது ரெண்டும் பொட்டைன்னு. மறுவாரம் அக்கா வரல. போனும் எடுக்கல. நான் ஏமாத்திட்டேன்னு நெனச்சு ஒதுங்கிட்டாங்கன்னே இருந்தேன். வூட்டுக்கு வரலாம்னா, படிச்சவங்க வூடு, நீங்க இன்னா சொல்வீங்களோன்னு பயம்."

கூடையின் மூடியைச் சற்று விலக்கிக் காட்டினார். உள்ளே வெண்புள்ளியிட்ட சாம்பல் நிறத்தில் ஒரு கினிக்கோழி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

"ஆண். வாரா வாரம் புடிச்சாந்து வெச்சுக்கினு ஒக்காந்திருந்தேன், வந்தா குடுத்துடலாம்னு. சாயந்தரம் திருப்பித் தூக்கிட்டுப் போவேன்."

நான் குனிந்து அந்தப் பறவையைப் பார்த்தேன்.

"அக்காவுக்கு எம்மேல கோவம் இருந்துச்சா சார்?"

"இல்லை," என்றேன்.

"அக்கா சொன்னாங்களா?"

மருத்துவமனையில் ஒரு மாலை, எஸ்தர் மூக்கிலிருந்த குழாயை ஒரு விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, "கோழிங்களப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றாள். "முதலில் உடம்பு தேறட்டும். அதெல்லாம் இப்போது எதற்கு?" என்றேன். அவளுக்குத் தைரியம் சொல்வதாக நம்பித்தான் சொன்னேன். மறுநாள் மறுபடியும் தொடங்கினாள். அதே பதிலைச் சொன்னேன். மூன்றாம் முறை அவள் தொடங்கவில்லை. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

எதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வந்தாளோ, இந்த ஜோடியைப் பற்றித்தான் சொல்ல வந்தாளோ. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் இனி வழியில்லை.

"அவள் சொல்லவில்லை அம்மா," என்றேன். "கோழிகளைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். நான் சொல்ல விடவில்லை."

மும்தாஜ் நீர் ஓடாத ஆற்றின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பர்தாவின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றும் அவருக்கு நன்றியுடையவன்.

பிறகு எழுந்து, கோழிகளையும் சேவலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதுங்க எங்கிட்ட இருக்கட்டும்." தன் கூடையிலிருந்த ஆண் பறவையை இரு கைகளாலும் எடுத்து, என் கூடைக்குள், அந்த இரண்டு பெண் பறவைகளிடையே விட்டார். உள்ளே ஒரு சிறு சண்டை நடந்து அடங்கியது.

"இது அக்காவோடது. எடுத்துட்டுப் போங்க."

"எனக்கு வளர்க்கத் தெரியாது அம்மா."

"கம்பு போடுங்க. தண்ணி வைங்க. சாயந்தரம் அதுவே ஒசரமா ஏதாவது பாத்து ஏறிக்கும். கத்தும், ஜாஸ்தியா கத்தும். பேஜாரா இருந்தா எங்கிட்டயே கொண்டாங்க. ஆனா வர்றதுக்கு மின்னாடி ஒரு போன் பண்ணிட்டு வாங்க சார்."

"உங்கள் எண் என்னிடம் இல்லையே."

"அக்கா போன்ல இருக்கு. அதுலயே பண்ணுங்க," என்றார் மும்தாஜ். "அக்கா பேருதான் வரும். நான் எடுக்கறேன்."